சாவியைக் கொடுத்த சகலை

1

இந்தக் கதை எனக்குச் சுவர் வழியாகக் கிடைத்தது. பக்கத்து வீட்டில் அக்காவும் தங்கையும் சண்டை போட்டார்கள். நான் ஒரே பாத்திரத்தைத் திரும்பத் திரும்பக் கழுவினேன். ஒட்டுக்கேட்டேன் என்று சொல்லாதீர்கள். காது திறந்திருந்தது, அவ்வளவுதான்.

பாத்திரம் பளபளத்தபோது எனக்குத் தெரிந்தது இது. அக்காவின் கணவர் மின் பாதுகாப்புப் பயிற்சி கொடுப்பவர். தேர்வு வைப்பவரும் அவரே. தங்கையின் கணவர் வயர்மேன். அந்தத் தேர்வில் தேறினால் தொழிற்சாலையில் மின் பேனலைத் தானே திறந்து வேலை பார்க்கலாம். தேறாவிட்டால் காலம் முழுக்க இன்னொருவருக்கு ஏணி பிடிக்க வேண்டியதுதான். (வேறு ஆளே இல்லையா தேர்வு வைக்க என்று நானும் கேட்டேன். இல்லையாம்.)

2

கதையாக எழுத உட்கார்ந்தேன். முதல் தொடக்கம்: ‘அன்று வானம் கறுத்து, தூரத்தில் ஒரு மின்னல்...’

வேண்டாம். மின்சாரக் கதை என்றால் மின்னல் வெட்டியே ஆகவேண்டுமா?

இரண்டாவது: ‘வயர்மேனின் கை நடுங்...’

பொய். பல்பு மாட்டக் கூப்பிட்டால்கூட நாடாளப் போகிறவர் மாதிரி நடந்து வருகிறவர் அவர். நேராகத் தேர்வு அறைக்கே போய்விடலாம்.

3

தரையில் ரப்பர் விரிப்பு, சுவரில் பயிற்சிப் பேனல். வயர்மேன் மெயினை அணைத்தார். அதன் கைப்பிடியில் தன் பூட்டைப் போட்டார், பெயர் எழுதிய அட்டையைத் தொங்கவிட்டார், சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். டெஸ்டரை முதலில் மின்சாரம் இருக்கும் பிளக்கில் வைத்துச் சோதித்தார். பிறகு பேனலில், உயிர் இல்லை. டெஸ்டரே செத்திருந்தால்? மறுபடி பிளக்கில். குறை சொல்வதையே பிழைப்பாக வைத்திருக்கும் என்னாலும் ஒரு குறை சொல்ல முடியாது.

போல்ட்டைக் கழற்றத் தொடங்கியபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

“சகலை, அந்தச் சாவிய இப்படிக் குடுங்க. பூட்டு சரியா விழுந்திருக்கான்னு பாத்துடறேன்.”

“இந்தாங்க சகலை.”

“ஃபெயில்.”

“என்னது?”

“சாவி யார் கையில இருக்கோ அவன் கையிலதான் உங்க உசுரு. அத யாருக்கும் குடுக்கக் கூடாது. எனக்கும்தான்.”

“நீங்க கேட்டீங்கன்னுதானே குடுத்தேன்!”

“கேட்டா குடுக்கறீங்களான்னு பாக்கத்தானே கேட்டேன்.”

(ஒரு குறிப்பு: நாம் உள்ளே கை வைத்திருக்கும்போது வேறொருவர் மெயினைப் போட்டுவிடாமல் இருக்கத்தான் அந்தப் பூட்டு. ஆளுக்கொரு பூட்டு, பூட்டுக்கொரு சாவி. ஆனால் மூத்த சகலை கேட்டு, இல்லை என்று சொல்ல எந்தப் பயிற்சியில் கற்றுத்தருகிறார்கள்? வண்டியைக் கேட்டாலும் கொடுப்போம், வாய்க்குள் திட்டிக்கொண்டே. வயர்மேன் வேலையால் தோற்கவில்லை, மரியாதையால் தோற்றார்.)

4

இனி, நான் பாத்திரம் கழுவிய பகுதி.

“கூடப் பொறந்தவ புருஷன இப்படியா கவுப்பாரு உன் வீட்டுக்காரரு? வீட்ல வச்சுச் சொன்னா ஆகாதாக்கும்!”

“வீட்ல சொன்னா கேக்குற ஆளாடி அவரு? ஸ்விட்ச அணைக்காமலே ஃபேனக் கழட்டுற மகராசன்!”

“அது ஒரு தடவ!”

“ரெண்டாவது தடவைக்கு ஆளு இருக்கணும்னுதாண்டி ஃபெயில் போட்டாரு.”

இந்த மூத்த சகலையை முதலில் நான் நம்பவில்லை. அவருடைய கண்டிப்புக்குக் காரணம் வேண்டுமே என்று ஒரு பழைய விபத்தை எழுதினேன். யாரோ பூட்டை எடுத்து, யாரோ கருகி... அழித்துவிட்டேன். ஒருவர் கண்டிப்பாக இருக்க இன்னொருவர் சாகவேண்டுமா என்ன? சிலர் பிறவியிலேயே அப்படி. எங்கள் தெருவிலேயே உண்டு.

5

மறுதேர்வு. அதே சுவர், அதே பேனல். வயர்மேன் கடைசி போல்ட்டில் கை வைத்தபோது மூத்த சகலையின் போன் அடித்தது. காதில் வைத்தார், முகம் மாறியது.

“சகலை, உங்க வீட்ல மயங்கி விழுந்துட்டாங்களாம். ஓடுங்க! மிச்சத்த நான் பாத்துக்கறேன், சாவிய வச்சுட்டுப் போங்க.”

வயர்மேன் வாசல்வரை ஓடினார். நின்றார். திரும்பினார்.

“உங்க பூட்டு எங்க?”

“ஆபீஸ் மேஜையில இருக்கு. அதுக்கென்ன இப்போ?”

“மொதல்ல அதப் போடுங்க. அப்புறம் என்னோடத நானே எடுக்கறேன்.”

“யோவ், பொண்டாட்டி விழுந்து கெடக்கா—”

“அதான் சொல்றேன், சீக்கிரம் எடுத்துட்டு வாய்யா! ஓடு!”

மூத்த சகலையை அவர் ஒருமையில் விளித்தது அதுவே முதல்முறை. மூத்தவர் ஓடினார். இரண்டாவது பூட்டு விழும்வரை வயர்மேன் பேனல் முன்னாலேயே நின்றார். கண்ணில் நீர், கை மட்டும் சட்டைப்பையை இறுக்கிப் பிடித்திருந்தது.

6

தேறினார். அதை மறைக்க மாட்டேன்.

ஆனால் அந்தப் போன் உண்மையா, நாடகமா? அக்கா நாடகம் என்கிறாள். தங்கை, “விழுந்தேன், கெடந்தேன், இந்த மனுஷன் பூட்டுக்குக் காவல் நின்னாரு” என்கிறாள். நாடகம் என்றால் இது சிரித்து முடியும் கதை. உண்மை என்றால், அவர் நின்றது சரியா என்று ஒரு வீடே தீர்ப்புச் சொல்லவேண்டிய கதை. நான் இரண்டையும் எழுதிப் பார்த்துவிட்டேன். இரண்டும் நன்றாகவே வந்தன.

முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எழுதும்போது அவர் வீட்டு வாசலில் நிற்கும் உறவுக்காரராக இருந்து எழுதாதீர்கள். வயர்மேன் ஓடியிருந்தால் விட்டுப்போயிருக்கும் அந்தத் திறந்த பேனலுக்குள் அடுத்துக் கை வைக்கப்போகிற ஆளாக இருந்து எழுதுங்கள்.