பொக்லைன் வைத்த பூ

“ஒன்றரை டன்னு பொக்லைனால என் வூட்டுக்காரி தலையில மல்லிப்பூ வெச்சேன். ஒரு முடி கலையல.”

ஞாயிற்றுக்கிழமை காலை மண்ணூர் டீக்கடையில் கோதண்டராமன் இதைச் சொன்னபோது யாரும் கிளாசைக்கூடக் கீழே வைக்கவில்லை. பழகிப்போனவர்கள். ஒரகடம் கம்பெனியிலிருந்து அவர் ரிட்டையர் ஆன அன்று ஜப்பான் மேனேஜர் அழுத அழுகையில் கேன்டீனில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றதையும், அவர் போட்ட ஒரு தும்மலில் மூன்று அசெம்பிளி லைன் நின்றுபோனதையும் இதே பெஞ்சில் உட்கார்ந்து கேட்டவர்கள்தானே.

“மாமா, அக்கா ஆமான்னு சொல்லட்டும். நான் நம்புறேன்,” என்றான் மோகன். லீலாவின் தம்பி.

கடையே சிரித்தது. கல்யாணமான நாளிலிருந்து புருஷன் சொன்ன ஒரு கதைக்குக்கூட லீலா சாட்சி சொன்னதில்லை. கோதண்டராமனும் சேர்ந்து சிரித்தார். ஆனால் அவர் கண், வெளியே நின்ற மோகனின் டெம்போ மேலேயே இருந்தது. லீலாவின் பீரோவையும் கிரைண்டரையும் ஏற்றிக்கொண்டு, படப்பையில் மகள் ஜோதியின் வீட்டுக்குப் போக வந்திருந்த டெம்போ. அதைத் திருப்பி அனுப்பச் சொல்லி லீலா இன்னும் வாயைத் திறக்கவில்லை.

எல்லாம் தண்ணீரால் வந்தது. பக்கத்து மனையில் குடோன் கட்டியவர்கள் கிராவல் மண் கொட்டி மேடாக்கிவிட்டார்கள். அதற்குப் பிறகு ஐப்பசி மழை மொத்தமும் கோதண்டராமன் வீட்டுக் கொல்லையில்தான் வந்து இறங்கும். போன வருஷம் அடுப்படிக்குள்ளேயே வந்துவிட்டது. முட்டிவலியோடு கணுக்கால் தண்ணீரில் நின்று தோசை சுட்ட லீலா, அந்தத் தோசையை அவர் தட்டில் போடும்போதே சொல்லிவிட்டாள்.

“அடுத்த மழைக்கு நான் இங்க இல்ல. நீ வந்தா வா. இல்லாங்காட்டி உன் கதைங்களோட குடும்பம் நடத்து.”

கொல்லையிலிருந்து பின்னால் ஓடும் ஏரிக்கால்வாய் வரைக்கும் ஒரு வாய்க்கால் வெட்டினால் தீர்ந்தது. ஆனால் பெரிய ஜேசிபி வீட்டுப் பக்கத்துச் சந்தில் மூக்கைக்கூட நுழைக்காது. ஆள் வைத்து வெட்டலாம் என்றாள் லீலா. ஆயுசு முழுக்க அடுத்தவன் மிஷினுக்கு எண்ணெய் போட்ட மனுஷனுக்கு வேறு யோசனை இருந்தது. தண்டலத்தில் பழைய மிஷின் விற்பவரின் ஷெட்டுக்குப் போனார். மூலையில் ஒரு குட்டி பொக்லைன். மஞ்சள் பெயின்ட் வெளுத்து, செயினில் துரு பிடித்து, சீட்டில் பூனை குட்டி போட்டிருந்தது. சாவியைத் திருப்பினார்கள். இருமியது, புகை விட்டது, முனகிக்கொண்டே கையைத் தூக்கியது. காலையில் எழும்போது தானும் இதே வரிசையில்தான் இதையெல்லாம் செய்கிறோம் என்று கோதண்டராமனுக்குத் தோன்றியது. அதற்கப்புறம் அதை விட்டுவிட்டு வர மனசு வரவில்லை.

சந்துக்குள் அது நுழைந்தபோது இரண்டு பக்கமும் கை வைக்க இடமில்லை. லீலா பின்வாசல் படியில் நின்று பார்த்தாள்.

“அவனவன் கார் வாங்கினு வந்து வாசல்ல நிறுத்துறான். நீ பல்லு மொளைச்ச ஒண்ணப் புடிச்சாந்து கொல்லைல கட்டிகினுகீறே.”

அவர் கண்டுகொள்ளவில்லை. கம்பெனியில் போடுவதுபோலத் தரையில் மஞ்சள் கோடு போட்டார். கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. தன் பழைய ஹெல்மெட்டை லீலா தலையில் கவிழ்த்தார். “இனிமே நீதான் குவாலிட்டி. நீ ஓகே சொன்னாத்தான் வேலை முடிஞ்ச கணக்கு.”

புது வண்டி வாங்கினால் வல்லக்கோட்டை முருகனிடம் காட்டாமல் எடுப்பது எப்படி? செயின் வண்டியை ரோட்டில் ஓட்டினால் தார் பெயரும். போய்ச் சேர தைப்பூசமும் ஆகிவிடும். கோதண்டராமன் யோசித்தார். மண் அள்ளும் பக்கெட்டில் இருந்த மூன்று பல்லில் ஒன்றை, அதன் இரும்புப் பின்னைத் தட்டிக் கழற்றி, மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு வெள்ளிக்கிழமை காலை பஸ் ஏறினார். குருக்கள் அந்த இரும்புத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“வண்டி எங்கே?”

“இதான் சாமி. மீதி வூட்ல கீது.”

சந்தனம், குங்குமம், மஞ்சள் கயிறு எல்லாம் ஆகித் திரும்பினார். லீலாவுக்கு ஒரு முழம் மல்லியும் வாங்கி வந்தார். அவள் தொடவில்லை. “தண்ணி வெளிய போவட்டும். அப்புறம் வெச்சிக்கிறேன்.” பூவை வண்டிக் கூரைக் கம்பியில் மாட்டிவைத்தார்.

அடுத்துதான் அந்தத் தப்பு. பல்லைத் திரும்பப் பொருத்த, பின்னைச் சுத்தியலால் அடித்து இறக்க வேண்டும். குங்குமம் வைத்த இடத்தில் எப்படிச் சுத்தியல் போடுவது? தன் கை பட்ட நட்டு பூகம்பத்திலும் கழலாது என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவர், பல்லைச் செருகி, சாமி கயிற்றாலேயே ஒரு சுற்றுச் சுற்றிக் கட்டிவிட்டார்.

மதியத்துக்குள் வாய்க்கால் வெட்டியாயிற்று. லீலா ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்த்தாள். தண்ணீர் போகவில்லை.

“தண்ணிக்கு நாற்காலி போட்டு ஒக்கார வெச்சிகீற. இதுவா ஓகே?”

பதில் சொல்லத் திரும்பிய கோதண்டராமன் பக்கெட்டைப் பார்த்தார். இரண்டு பல்தான் இருந்தது. லீலாவும் பார்த்துவிட்டாள். அவள் முகத்தில் இருந்த கேலி போய்விட்டது.

“சாமிகிட்ட வெச்சது எங்கய்யா? அத்த மண்ணுல வுட்டுட்டு நான் எந்த வூட்டுக்கும் போக மாட்டேன்.”

பல் கிடைக்கவே வேண்டாம் என்று கோதண்டராமன் ஒரு கணம் வேண்டிக்கொண்டார். மறுகணமே முருகனை நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு வண்டியில் ஏறினார்.

ஏரிக்கால்வாய்ப் பக்கக் கடைசியிலிருந்து தேட ஆரம்பித்தார். அங்கேதான் விழுந்திருக்கும் என்ற நினைப்பில் அங்கே நன்றாகவே ஆழமாகத் தோண்டினார். வீட்டுப் பக்கம் வர வர, நம்பிக்கை குறையக் குறைய, ஆழமும் குறைந்தது. ஒவ்வொரு பக்கெட் மண்ணையும் படி ஓரம் கொட்ட, லீலா நாற்காலியில் உட்கார்ந்தபடியே தோசைக் கரண்டியால் கிளறினாள்.

“இங்க இல்ல. அந்த நெல்லி வேராண்ட பாரு. மெதுவாய்யா, மரம் உன்ன இன்னா பண்ணுச்சு?”

வானம் கறுத்தபோது கரண்டியில் ‘ணங்’ என்று கேட்டது. லீலா பல்லை முந்தானையால் துடைத்து, கண்ணில் ஒற்றி, அவரிடம் கொடுத்தாள். இந்தத் தடவை அவர் முருகனிடம் வாய்விட்டு மன்னிப்புக் கேட்டுவிட்டுச் சுத்தியலால் அடித்து இறக்கினார்.

வண்டியை வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஒதுக்குவதற்குள் மழை கொட்டிவிட்டது. குடோன் மேட்டிலிருந்து தண்ணீர் எப்போதும்போல இறங்கி வந்து வாய்க்காலில் விழுந்தது. இரண்டு பேரும் பார்த்தார்கள். இந்தத் தடவை அது உட்காரவில்லை. நடந்தது. அப்புறம் ஓடியது. பல்லைத் தேடித் தோண்டியதில் கடைசிப் பக்கம் தானாகவே சரிவு விழுந்திருந்தது. வெட்டும்போது வராத வாட்டம் தேடும்போது வந்துவிட்டது.

மழை தூறலாகத் தணிந்தது. லீலா படியில் நின்றாள். நடுவே வாய்க்கால் நிறையத் தண்ணீர். அவள் முட்டி அதைத் தாண்டாது. வண்டியிலிருந்து இறங்கினால் அவரும் சேற்றில் மாட்டிக்கொள்வார். கோதண்டராமன் கூரைக் கம்பியிலிருந்து மல்லியை எடுத்தார். பக்கெட்டைத் தன் பக்கம் மடக்கி, கையை எட்டி, குங்குமம் கரைந்துபோன அந்தப் பல்லில் மாட்டினார். பக்கெட் பக்கம் யாரும் நிற்கக் கூடாது என்று கோடு போட்டவரே, அந்த இரும்புக் கையை அங்குலம் அங்குலமாக வாய்க்காலுக்கு மேலே நீட்டினார். பக்கெட் துளியும் ஆடவில்லை.

லீலா ஹெல்மெட்டைக் கழற்றி இடுப்பில் வைத்துக்கொண்டாள். தலை குனிந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை டீக்கடையில் கிளாஸ் காலி. கோதண்டராமன் மோகனோடு டெம்போவில் வீட்டுக்கு வந்தார்.

லீலா அடுப்படியில் காய்ந்த தரையில் நின்று மாவு கரைத்துக்கொண்டிருந்தாள். கொண்டையில் வெள்ளிக்கிழமைப் பூ, வாடிப் பழுப்பேறி, அப்படியே இருந்தது.

“அக்கா, பீரோவ ஏத்தலாமா?”

“டெம்போவத் திருப்பிக்கினு போ. போறதுக்கு முன்னாடி ரெண்டு தோசை துன்னுட்டுப் போ.”

மோகன் மாமாவைப் பார்த்தான். அப்புறம் அக்காவின் கொண்டையைப் பார்த்தான்.

“மாமா கடைல ஒண்ணு சொல்லிகினு இருந்தாரு. பொக்லைனால உனக்குப் பூ வெச்சாராம்.”

கோதண்டராமன் சுவரில் தொங்கிய காலண்டரை மும்முரமாகப் பார்த்தார். லீலா மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு, பூவை ஒருமுறை தொட்டுப் பார்த்தாள்.

“கோணலாத்தான் வெச்சாரு,” என்றாள். “ஆனா வெச்சாரு.”