மின்சாரத்துக்குச் சம்மதம்

தியாகராய நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்த சண்முகசுந்தரத்துக்கு மூன்று மாதமாக இதயம் தாறுமாறாக அடித்துக்கொண்டிருந்தது. மாத்திரைக்கு அது அடங்கவில்லை. மயக்க மருந்து கொடுத்து, மார்பில் ஒரு நொடி மின்சாரம் பாய்ச்சினால் துடிப்பு சீராகலாம் என்றார் டாக்டர். ‘கரண்டா!’ என்று பதறிப்போனவர் இரண்டு முறை தேதியைத் தள்ளிப் போட்டார்.

அடுத்த முறை ஆஸ்பத்திரி பெஞ்சில் பக்கத்தில் இருந்தவளிடம் தன் பயத்தைச் சொன்னார். அவள் நொச்சிக்குப்பத்தில் மீன் விற்கும் தேசம்மா. போன மாதம்தான் அதே சிகிச்சை செய்துகொண்டவள்.

“நானும் பயந்துக்கினுதான் வந்தேன் நைனா. தூங்கினேன், முழிச்சேன், அவ்ளோதான். இப்போ கூடை தூக்கிக்கினு நடக்கிறேன். உனக்கு என்னிக்கு?”

“வெள்ளிக்கிழமை வரச் சொல்லுதாவ.”

“நானும் வரேன், போ.”

அன்றே அவர் சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார்.

வெள்ளிக்கிழமை காலை வெறும் வயிற்றோடு வந்து, மோதிரத்தையும் சங்கிலியையும் மனைவி மீனாட்சியிடம் கழற்றிக் கொடுத்தார். உள்ளே போகும்போது திரும்பிப் பார்த்தார். தேசம்மா அன்றைய வியாபாரத்தை விட்டுவிட்டு வந்து, மீனாட்சியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

கண் விழித்தபோது துடிப்பு சீராகியிருந்தது. டாக்டரைக் கும்பிட்டவர் மனைவியிடம் கேட்டார்:

“அந்தம்மா போயிட்டாவளா?”

“இல்ல. உங்களுக்குக் காப்பி வாங்கப் போயிருக்காவ.”

சண்முகசுந்தரத்துக்குக் கண் நிறைந்துவிட்டது.