ஜெனவியேவின் பக்கத்து வீடு

பரிஸ் நகரத்து லா சப்பல் மெத்ரோ ரயில் நிலையப் படியால் இறங்கி வந்த கஜந்தினி, எதிரே வந்த முதல் ஆளுக்கு "பொன்ஜூர்" என்று வணக்கம் சொன்னாள். அந்த மனிதர் தனக்குப் பின்னால் யாரும் வருகிறார்களோ என்று திரும்பிப் பார்த்தார். மரக்கறிக் கடை வாசலில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு அம்மாவுக்கும் ஒரு பொன்ஜூர் போனது. அம்மா கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பாவம், கஜந்தினி என்ன செய்வாள்? ஒரு வருசமாக அவள் இருக்கிற ஊரில், தெருவில் கண்டவருக்குப் பொன்ஜூர் சொல்லாமல் போனால் மத்தியானத்துக்குள் ரொட்டி விற்கிற பாண் கடையில் அது கதையாகிவிடும். வாய் பழகிவிட்டது.

அவளைக் கூட்டிப்போக வந்த நிருபா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "எடி, எலெக்சனுக்கு வோட்டுக் கேக்கிறியோ?"

கல்யாணத்துக்கு முன் இருவரும் பரிசின் புறநகரான எபினேயில் ஒரே அறையில் இருந்தவர்கள். ஃபொபூர் சேன்-தெனித் தெருவில் அருட்பிரகாசம் அண்ணையின் சாறிக்கடையில், சட்டை தைக்கிற வேலையை நிருபாதான் பேசி வைத்திருந்தாள். தங்குவதற்கு அதே பழைய அறை. அண்ணைக்கு இன்றைக்கே பதில் வேண்டும். ஓம் என்றால் கஜந்தினி இனி இங்கேதான். புருசன் பிருந்தாபன் அங்கே.

அவனைக் குறை சொல்லவும் முடியாது. பரிசில் பத்து வருசம் கோப்பை கழுவியவன், லிமோஜ் நகருக்கும் அப்பால் உள்ள அந்தச் சின்ன ஊரின் ஒரே சாப்பாட்டுக் கடையில் இப்போது தலைமைச் சமையல்காரன். ஊரே அவனை 'ஷெஃப்' என்றுதான் கூப்பிடும். அதை விட்டுவிட்டு வா என்று எந்த வாயால் கேட்பது? அவனாகத்தான் ஒருநாள் சொன்னான்: "உனக்கு இஞ்சை இருக்க ஏலாட்டி நீ பரிசிலை நில்லு. நான் மாசத்திலை ரெண்டு தரம் வாறன்." சொல்லிவிட்டு முகத்தை அங்கால் திருப்பிக்கொண்டான். கஜந்தினி குளியலறைக்குள் போய் அழுதாள்.

சாறிக்கடையில் தேத்தண்ணி வந்தது. அப்படி என்னதான் இருக்கிறது அந்த ஊரில் என்று நிருபா கேட்டாள். ஒரு மண்ணும் இல்லை என்று தொடங்கினாள் கஜந்தினி. ஒரு தேவாலயம், ஒரு பாண் கடை, இருந்திருந்து வருகிற ஒரு பஸ். சனத்தைவிட மாடு கூட. ஞாயிற்றுக்கிழமை வெளியே இறங்கினால் தன் செருப்புச் சத்தமே தனக்குக் கேட்கும். கறிவேப்பிலை என்று ஒன்று உலகத்தில் இருப்பதே அங்கே ஒருவருக்கும் தெரியாது. தும்மினால் போதும், தெருவின் மற்ற முனையில் இருந்து சுகம் விசாரிப்பார்கள்.

பிறகு ஜன்னல் கதை வந்தது. அங்கே வீடுகளுக்கு ஜன்னலுக்கு வெளியே மரக்கதவுகள் உண்டு. விடிந்ததும் திறக்க வேண்டும். இது தெரியாமல், போன புதிதில் குளிருக்குப் பயந்து ஒருநாள் முழுக்கப் பூட்டியபடி விட்டுவிட்டாள். பின்னேரம் யாரோ கதவைத் தட்டினார்கள். ஓட்டைக்குள்ளால் பார்த்தால் நாலைந்து வெள்ளைக்காரர்கள். விசா அட்டையைக் கையில் நீட்டிக்கொண்டுதான் கதவைத் திறந்தாள். முன்னால் நின்றவ பக்கத்து வீட்டு ஜெனவியேவ், தபால் கொடுத்து ஓய்வுபெற்ற மனுசி. அவ அட்டையைப் பார்த்தா, பிறகு கஜந்தினியைப் பார்த்தா. கையில் சூப்புச் சட்டி. உள்ளே யாருக்கோ சுகமில்லையாக்கும் என்று பயந்துபோய் வந்திருக்கிறார்கள்.

"சூப் நல்லா இருந்ததே?" என்றாள் நிருபா. இந்தமுறை அவள் சிரிக்கவில்லை.

"உப்பில்லை," என்றாள் கஜந்தினி.

அருட்பிரகாசம் அண்ணை அளவுநாடாவைக் கழுத்தில் போட்டபடி வந்து நின்றார். "அப்ப என்ன முடிவு தங்கச்சி?"

கஜந்தினி வாயைத் திறக்க, போன் அடித்தது. ஜெனவியேவ். எடுக்காமல் விடலாமா என்று ஒரு கணம் பார்த்தாள். இன்று விடிய முன்னம் இருட்டோடு இருட்டாகப் பஸ் ஏறும்போது அவவிடம் சொல்லிக்கொள்ளவில்லை. சொன்னால் எப்போது திரும்பி வருவாய் என்று கேட்பா. பிருந்தாபன் விடியப் பின்கதவால் வேலைக்குப் போகிறவன், ஜன்னலை நினைக்கவே மாட்டான். அண்ணையிடம் பொறுங்கோ என்று கையைக் காட்டிவிட்டுப் போனைக் காதில் வைத்தாள்.

"உங்கள் ஜன்னல் இன்னும் திறக்கவில்லை. உனக்குச் சுகமில்லையா?"

பரிசில் நிற்கிறேன், சுகமாக இருக்கிறேன் என்று கஜந்தினி தன் உடைந்த பிரெஞ்சில் சொன்னாள். அந்தப் பக்கம் பெரிய பெருமூச்சு ஒன்று வந்தது. பாண் கடைக்காரியும் கேட்டாள், எதிர்வீட்டுச் சுசானும் கேட்டாள், எல்லாருக்கும் என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றேன் என்றா கிழவி. எப்போது வருவாய் என்று கேட்கவில்லை. அவசரத்துக்கென்று நீ தந்த சாவி என்னிடம் இருக்கிறது, வீடு இருண்டு கிடக்கிறது, நான் போய்த் திறந்து விடட்டா என்று மட்டும் கேட்டா.

"திறந்து விடுங்கோ," என்றாள் கஜந்தினி. தமிழில் சொன்னது உறைக்கவே, பிரெஞ்சில் திரும்பச் சொன்னாள்.

ஜெனவியேவ் போனை வைக்கவில்லை. சாவி திரும்புகிற சத்தம் கேட்டது. பலகைத் தரையில் அவவின் கட்டைச் செருப்பு நடந்தது. கொக்கி கழன்று, மரக்கதவு ஒன்று சுவரில் போய் மெதுவாக முட்டியது. அந்தக் கிறீச்சை எங்கே கேட்டாலும் கஜந்தினிக்குத் தெரியும். அது அவள் சமைக்கிற குசினி ஜன்னல். வெளியே தெருவைப் பார்த்து ஜெனவியேவ் யாருக்கோ உரத்துச் சொன்னா: ஒன்றுமில்லை, பரிசுக்குப் போயிருக்கிறாளாம், சுகமாக இருக்கிறாளாம்.

"அண்ணை பாத்துக்கொண்டு நிக்கிறார் எடி," என்று நிருபா காதுக்குள் சொன்னாள். கஜந்தினி கேட்டதாகத் தெரியவில்லை. போனை இன்னும் இறுக்கிக் காதோடு வைத்துக்கொண்டாள். அங்கே கட்டைச் செருப்பு, அவளுடைய தையல் மெசின் இருக்கிற அறைப்பக்கம் நடந்துகொண்டிருந்தது. அந்த ஜன்னலின் கொக்கி கொஞ்சம் இறுக்கம். மேலே தூக்கி இழுக்க வேண்டும்.