தொண்ணூறு வோல்ட்

ஏலாக்குறிச்சிக்குப் பக்கத்து ஊரில் இன்னாசிமேரி டீச்சராக இருந்தாள். ஊருக்குச் சர்க்கார் கொடுத்த பேட்டரி ரேடியோ அவள் பள்ளிக்கூடத்தில்தான் இருந்தது. சாவியும் அவளிடம்தான்.

பேட்டரி கம்பெனிக்குத் தபால் கார்டு போட்டு இலவசமாக வரவழைத்த மூன்று சிறு புத்தகங்கள், கன்னியர் மடத்தில் கழித்துப்போட்ட அட்டையில்லாத பௌதிகப் பாடநூல், பங்குச்சாமியாரிடம் இரவல் வாங்கிய அகராதி. இவற்றை வைத்துக்கொண்டு இரண்டு வருஷமாக அவளாகவே மின்சாரம் படித்தாள். படிக்கிற காலத்தில் விட்டுப்போன கணக்கையும் முட்டி மோதி சமன்பாடு வரை கொண்டுவந்திருந்தாள்.

நாற்பத்தைந்தாம் வருஷம், ஐப்பசி மாதத்தில் ஒரு விடுமுறை நாள். புத்தகத்துப் படமும் பெட்டியும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க ஆசை வந்தது. பின்பலகையைக் கழற்றினாள். ஒத்துத்தான் போயிற்று. அந்தச் சந்தோஷத்தில் கை தடுமாறி, இரண்டு வோல்ட் போகவேண்டிய கம்பியில் தொண்ணூறு வோல்ட் பேட்டரியை மாட்டிவிட்டாள். உள்ளே பல்பு மாதிரி இருந்த நாலு வால்வும் ஒருமுறை பளிச்சென்று எரிந்து அணைந்தன.

சாயங்காலம் வழக்கம்போல செல்வம்மாள் முதல் ஆளாக வந்தாள். அவள் புருஷன் அமாவாசை பட்டாளத்தில் சேர்ந்து மலேயாவில் ஜப்பான்காரனிடம் பிடிபட்டவன். சண்டை முடிந்ததிலிருந்து அப்படிப் பிடிபட்டு உயிரோடு இருக்கிறவர்கள் பெயரைத் தினமும் ரேடியோவில் வாசித்துவந்தார்கள்.

"ஏன் டீச்சரம்மா பாட மாட்டேங்குது?"

"தானா கெட்டுப்போச்சு, செல்வம்மா."

திருச்சியிலிருந்து மெக்கானிக் வர ஒன்றரை மாதம் ஆயிற்று. கருகிய வால்வுகளைப் பார்த்துவிட்டு, "யாரும் தொட்டீங்களா?" என்றார். இல்லை என்று தலையாட்டினாள். அவர் புது வால்வுகளைப் பொருத்திவிட்டுப் போனார்.

மறுவாரம் செல்வம்மாள் ஓடிவந்தாள். அரியலூர் கடைவீதியில் ரேடியோ கேட்ட அவள் அண்ணன் அய்யாக்கண்ணு இப்போதுதான் ஊருக்கு வந்திருந்தான். "பேரு வாசிச்சாங்களாம் டீச்சரம்மா! ஐப்பசி கடேசியிலயே வாசிச்சுட்டாங்களாம்! நான் தாலிய கழட்டி வச்சுரலாமான்னுகூட நெனச்சுட்டேன்."

பங்குச்சாமியாரிடம் செய்த பாவசங்கீர்த்தனத்தில்கூட இன்னாசிமேரி இதைச் சொல்லியிருக்கவில்லை.

"பெட்டி தானா கெடல. நான்தான் தொறந்தேன். கம்பிய மாத்தி மாட்டிட்டேன். ஒங்கிட்ட பொய் சொன்னேன்."

செல்வம்மாளின் சிரிப்பு வடிந்தது.

"எதுக்குத் தொறந்தீங்க?"

"படிச்சது சரியான்னு பாக்க."

"சரியா இருந்துச்சா?"

செல்வம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கிப் போனாள். அன்று சாயங்காலம் அவள் வரவில்லை.

மறுநாள் இன்னாசிமேரி நடந்ததை எழுதி ரேடியோ ஆபீசுக்குத் தபாலில் போட்டாள். அங்கிருந்து உத்தரவு வந்து, சாவியை மணியக்காரர் வாங்கிக்கொண்டார். ஊர் ஒரு வாரம் பேசிவிட்டு மறந்தது.

பங்குனியில் அமாவாசை வந்து சேர்ந்தான், எலும்பும் தோலுமாக. செட்டிகுளம் முருகனுக்கு முடி இறக்கிவிட்டு அவனும் செல்வம்மாளும் பள்ளிக்கூட வழியாகத் திரும்பினார்கள். இன்னாசிமேரி வாசலுக்கு வந்து நின்றாள். தான் பட்டாளம் போனபிறகு வந்த டீச்சரை அமாவாசை யாரென்று தெரியாமல் கும்பிட்டான். செல்வம்மாள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "வெயிலு ஏறுது, வாங்க" என்று நடத்திக்கொண்டு போனாள்.