மருந்து அடைக்கிறவள் மகள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். இதில் பல இடங்களில் கத்துகிறேன். பாதிக்குமேல் தப்பு என்மேல்தான்.

நான் ஜாஸ்பின். விருதுநகரில் ஒரு கல்லூரியில் வேதியியல் கெஸ்ட் லெக்சரர். வீடு விஸ்வநத்தம். வீட்டில் நானும் அம்மாவும் மட்டும். அம்மா பொன்னுத்தங்கம் பட்டாசுக் கம்பெனிக்குப் போகிறாள். நான் படித்தது கடல் வேதியியல் என்பதால், போன வருடம் தென்துருவக் கடலுக்குப் போகும் ஓர் ஆராய்ச்சிக் கப்பலில் எனக்கு இடம் கிடைத்தது. கப்பல் முழுக்கப் பெண்கள், பல நாட்டுக்காரிகள், நாற்பது நாள். இடம் கிடைத்ததே தவிர, செலவை அவரவர்தான் திரட்ட வேண்டும். என் பங்கு ஒன்பது லட்சம். ஆகஸ்ட் கடைசி வெள்ளிக்கிழமைக்குள் கட்டாவிட்டால் என் இடம் காத்திருப்பவர்களில் அடுத்தவளுக்குப் போய்விடும்.

உண்டியல் குலுக்காத குறையாக அலைந்தேன். போன இடமெல்லாம் ஒரே கேள்விதான். "அங்கன போயி என்ன செய்வ?"

அம்மாவின் கம்பெனி முதலாளி நவநீதகிருஷ்ணனும் அதைத்தான் கேட்டார்.

"கடல் தண்ணிய எடுத்து அதுல எம்புட்டு அலுமினியம் இருக்குன்னு பாப்பேன், அண்ணாச்சி."

"அலுமினியமா? ஏம்மா, நம்ம குடோன்ல மூடை மூடையாக் கெடக்கு. அத விட்டுப்புட்டு அம்புட்டு தூரம் போயா தேடுவாக?"

எனக்குச் சுருக்கென்று வந்தது. எங்கோ ஒரு பாலைவனத்துத் தூசி காற்றில் பறந்து எந்தக் கடலில் விழுகிறது என்பதற்கு அந்த அலுமினியம்தான் சாட்சி, அது ஊசிமுனையில் ஒட்டும் அளவுகூட இருக்காது என்று ஒரு வகுப்பே எடுத்துவிட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "வெளங்கல. ஆனா நல்லாப் பேசுற" என்று சொல்லி ஐம்பதாயிரத்துக்குக் காசோலை எழுதினார். நான்தான் வெட்கப்பட்டேன்.

சூலக்கரையில் கலெக்டர் ஆபீசில் திங்கள்கிழமை மனு கொடுத்தேன். வாங்கியவர் நல்ல மனிதர்தான். எந்தத் தலைப்பில் பதிவது என்றுதான் அவருக்குத் தெரியவில்லை. முதியோர் உதவித்தொகைக்குத் தலைப்பு இருக்கிறது, துருவத்துக்கு இல்லையே! எங்கள் சர்ச்சில் அறுப்பின் பண்டிகை ஏலத்தில் என் பெயரைச் சொல்லி ஒரு பூசணிக்காயை ஏலம் விட்டார்கள். பதினோராயிரத்துக்குப் போனது. எடுத்தவர் அந்தக் காயையும் எங்கள் வீட்டுக்கே கொடுத்தனுப்பிவிட்டார். ஒரு வாரம் பூசணிக்காய் சாம்பார்.

இப்படி ஆறு லட்சம் சேர்ந்தது. அதற்குமேல் வண்டி நகரவில்லை.

சென்னையில் ஓர் அறக்கட்டளைக்கு விண்ணப்பித்திருந்தேன். 'தாயின் தொழில்' என்ற கட்டத்தில் தினக்கூலி என்று எழுதினேன். பொது நிதி இந்த வருடத்துக்குத் தீர்ந்துவிட்டது, வேறு சிறப்பு நிதி ஏதாவது பொருந்துமா என்று பெற்றோரிடம் ஒருமுறை பேசிப் பார்க்கிறோம் என்று பதில் வந்தது. அந்தப் போன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தபோது நான் மல்லாங்கிணற்றில் ஒரு மாணவியின் கல்யாணப் பந்தியில் இருந்தேன். அம்மாதான் தனியாகப் பேசினாள்.

அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மெயில் வந்தது. கெடுவுக்கு இன்னும் மூன்றே நாள். மூன்று லட்சம் தருகிறார்கள்! நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அம்மா வாசல் குழாயடியில் சோப்புப் போட்டுக் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அலுமினியப் பவுடர் லேசில் போகாது. நகக்கண்ணில் வெள்ளியாக நிற்கும்.

"வாசி, கேப்போம்" என்றாள்.

வாசித்தேன். "மருத்துவப் பணியாளர் குடும்பங்களுக்கான சிறப்பு நிதியிலிருந்து, மருந்துப் பணியில் இருபத்தாறு ஆண்டுகள் சேவையாற்றிவரும் தாயின் மகளான தங்களுக்கு..." பாதியில் நின்றுவிட்டேன். இந்த நிதி ஆண்டுக்கு ஒருவருக்கு மட்டும் என்றும் கீழே போட்டிருந்தது.

"அன்னைக்குப் போன்ல என்னம்மா சொன்ன?"

"கேட்டதுக்குச் சொன்னேன். எங்கன வேல பாக்குறீகன்னாக. மருந்து ரூம்லன்னேன்."

"பெறகு?"

"அங்க என்ன வேலைன்னாக. குழாயில மருந்து அடைப்பேன்னேன். கேப்சூலான்னு கேட்டாக. எனக்கு என்ன தெரியும்? சின்னதும் உண்டு, பெருசும் உண்டுன்னேன். அளவு சரியா இருக்கணுமேன்னாக. ஆமா தாயி, கூடிட்டா உசுருக்கே ஆபத்துன்னேன்."

வயிறு வலிக்கச் சிரித்தேன். சிரித்து முடித்ததும் அந்தப் பணம் எங்களுக்கானதில்லை என்று உறைத்தது. சிரிப்பு அப்படியே கோபமாகிவிட்டது.

"வெடிமருந்துன்னு ஒரு வார்த்த சேத்துச் சொன்னா வாய் வெந்தா போயிரும்?"

"நம்ம ஊர்ல எவட்டி வெடின்னு சேத்துச் சொல்லுறா?"

அது உண்மைதான். காய்ச்சலுக்குத் தின்பதை நாங்கள் மாத்திரை என்போம், இருமலுக்குக் குடிப்பதை டானிக் என்போம். மருந்து என்ற சொல்லைக் கம்பெனிக்கே எழுதிக் கொடுத்தாயிற்று. மருந்து காய்கிறது, மருந்து அடைக்கிறார்கள், மழை வந்தால் மருந்து நமத்துப்போகிறது. குழந்தைகூடக் குழம்பாது. சென்னைக்காரிக்கு அது எப்படித் தெரியும்?

புதன்கிழமை முழுக்க எனக்குள்ளேயே வழக்காடினேன். நாங்கள் பொய் சொல்லவில்லையே. பட்டாசுக் கம்பெனிக்காரி மகளுக்கு என்ன நிதி இருக்கிறது? விபத்து நடந்தால் உண்டு, செத்தால் உண்டு. உயிரோடிருந்து மகளைக் கப்பலேற்ற நினைத்தால் இல்லை. வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டால் யார் குடி முழுகிவிடும்? ஆண்டுக்கு ஒருவருக்கு என்ற அந்த வரியை மட்டும் திரும்பத் திரும்ப வாசித்தேன். எந்த ஊரிலோ ஒரு நர்ஸின் மகளும் இதே கட்டங்களை நிரப்பிவிட்டு உட்கார்ந்திருப்பாள்.

வியாழக்கிழமை வகுப்பில் நீர் மாதிரி எடுப்பதைப் பற்றி நடத்தினேன். புட்டிக்குள் வெளித்தூசி ஒரு துளி கலந்துவிட்டாலும், அது எத்தனை ஆயிரம் மைல் தாண்டி வந்த தண்ணீராக இருந்தாலும், கொட்டிவிட வேண்டும் என்று வழக்கம்போலச் சொன்னேன். சொல்லிவிட்டுச் சாக்பீஸைக் கீழே வைத்தேன். பிள்ளைகள் நோட்டிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார்கள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும், "போன் பண்ணின அந்தம்மாகிட்ட உண்மையச் சொல்லிரப் போறேன்" என்றேன். அம்மா சட்டியில் வெங்காயத்தைப் போட்டுவிட்டு, என்னைப் பார்க்காமல் கிண்டினாள்.

"எனக்கு அன்னைக்கே வெளங்கிருச்சு" என்றாள்.

"என்ன வெளங்குச்சு?"

"கடைசில எந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்புறீகன்னு கேட்டாக. அப்பவே வெளங்கிருச்சு. எல்லா ஊருக்கும் போகுதுன்னு சொல்லிட்டேன்."

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. "தெரிஞ்சேவா? பத்துப் பைசா கூடக் கொடுத்தாலே கடைக்காரனத் தேடிப்போயித் திருப்பிக் கொடுக்குற ஆளு நீ! பணத்துக்காகவா இப்படிச் செஞ்ச?"

"பணத்துக்கா?" அம்மா கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினாள். "அந்தம்மா சொன்னாக, 'எவ்வளவு பெரிய வேலைம்மா உங்களோடது, உங்க கையைக் கும்பிடணும்'னு. இருபத்தாறு வருசத்துல ஒருத்தரும் அப்படிச் சொன்னதில்லட்டி. சம்பளம் கேட்டிருக்காக, கை ஏன் இப்படி இருக்குன்னு கேட்டிருக்காக. கையக் கும்பிடணும்னு யாரு சொன்னா? கேக்க நல்லா இருந்துச்சு. திருத்த மனசு வரல."

நான் அதற்குமேல் கத்தவில்லை. கத்த என்ன இருக்கிறது? அவள் வளர்த்த மகள் நான், முப்பது வயதாகிறது. நானும் அந்த ஒரு வார்த்தையைச் சொன்னதில்லை. அடுப்பில் வெங்காயம் கருகியது.

அடுப்பை அணைத்துவிட்டு, "போன் போடு. நானே சொல்லுறேன்" என்றாள்.

அறக்கட்டளை அம்மையாரின் பெயர் அருணாதேவி. ஸ்பீக்கரில் போட்டேன்.

"அம்மா, நான் பொன்னுத்தங்கம். விஸ்வநத்தம். நான் அடைக்கிறது வேற மருந்தும்மா. வெடிமருந்து. தீவாளிப் பட்டாசுக்குள்ள இருக்கும்ல, அது."

"அப்போ உங்களுக்கும் ஆஸ்பத்திரிக்கும் சம்பந்தம் இல்லையா?" என்றார் மெதுவாக.

"ரெண்டு தடவ படுத்திருக்கேன், கை வெந்து. வேற சம்பந்தம் இல்ல. நீங்க தப்பா நெனைச்சது அன்னைக்கே எனக்குத் தெரியும். சொல்லாம விட்டது என் தப்பு. எம்மகளுக்கு ஒண்ணும் தெரியாது."

அருணாதேவி பெருமூச்சு விட்டது கேட்டது. "அந்தப் பணத்தை நான் தர முடியாதும்மா. நர்ஸ் வீட்டுப் பிள்ளைங்களுக்குன்னு ஒருத்தர் எழுதிவெச்சுட்டுப் போன பணம்."

"தெரியும்மா. அதுக்குத்தான் கூப்பிட்டேன்."

"ஒரு நிமிஷம், வெச்சிடாதீங்க. அன்னைக்கு உங்க கையைப் பத்தி ஒண்ணு சொன்னேன்ல? பணத்தை மட்டும்தான் திரும்ப எடுத்துக்கறேன். அதை எடுத்துக்கலை."

அம்மா போனை என் கையில் திணித்துவிட்டுக் குழாயடிக்குப் போய், ஏற்கெனவே கழுவிய கையை மறுபடி கழுவினாள். வெகுநேரம் கழுவினாள்.

வெள்ளிக்கிழமை வந்தது, போனது. என் இடம் பெரு நாட்டுப் பெண் ஒருத்திக்குப் போனது. நல்லா இருக்கட்டும் என்று வாய் சொன்னது. மனசு இரண்டு நாள் அவளைத் திட்டியது. அம்மாவிடமும் எரிந்து விழுந்தேன். திரட்டிய ஆறு லட்சத்தையும் ஒவ்வொருவரிடமாகத் திருப்பிக் கொடுக்கப் போனேன். யாரும் வாங்கவில்லை. "தண்ணி எங்க போயிரப் போகுது, அடுத்த வருசம் போ" என்றார் அண்ணாச்சி. கப்பல்காரர்களும், அடுத்த பயணத்துக்கு இப்போதே பெயர் கொடுத்து வைக்கச் சொல்லி எழுதினார்கள்.

ஏப்ரலில் அறக்கட்டளையின் பொது நிதி மறுபடி திறந்தது. விண்ணப்பத்தை அருணாதேவியே தபாலில் அனுப்பியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து நிரப்ப உட்கார்ந்தேன். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு தோளோடு ஒட்டி உட்கார்ந்தாள். 'தாயின் தொழில்' என்ற கட்டம் வந்தது. தினக்கூலி என்று எழுதப் பேனாவைக் கொண்டுபோனேன். வெள்ளி படிந்த நகத்தோடு அம்மாவின் கை வந்து என் கையைப் பிடித்துக்கொண்டது.

"கூலின்னு எழுதாத. வேலைய எழுது."

நான் 'மரு' என்று தொடங்கினேன்.

"மொதல்ல வெடின்னு போடுட்டி" என்றாள் அம்மா. "அப்பறம் மருந்து."