ஒரே கிளாஸில் விடிந்த கூத்து

1976 மார்ச் 16, பௌர்ணமி. பௌத்தர்களின் போயா விடுமுறை என்பதால் கொஸ்லந்தையில் சாராயத் தவறணை மூடியிருந்தது.

காமன் கூத்தும் அன்றிரவுதான். அதனால் தேயிலைத் தோட்டத்து ஆண்கள் முதல் நாளே சாராயம் வாங்கிவந்து விறகுக்கட்டுகளுக்குள் பதுக்கியிருந்தார்கள். நாளைக்குக் கிடைக்காதே என்ற பயத்தில் வாங்கியதால் தேவைக்கு இரண்டு மடங்கு சேர்ந்துவிட்டது.

இராசையா சின்ன வயதிலிருந்து கூத்துக்குப் போகிறவர். ஆனால் சிவன் நெற்றிக்கண் திறந்து காமன் எரிவதை, குடிக்கத் தொடங்கிய பிறகு ஒரு வருடமும் பார்த்ததில்லை. அதற்குள் எங்காவது விழுந்துகிடப்பார். இந்த வருடம் ரதி வேஷம் அவருடைய மகன் சன்னாசிக்கு. முகத்துக்கு அரிதாரம் பூசிக்கொண்டே அவன் ஒன்றுதான் கேட்டான்.

"எரியிற நேரத்துல முழிச்சிருங்கப்பா."

மனைவி இராக்கம்மா போட்ட சோற்றை வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுத்தான் இராசையா கூத்துப் பொட்டலுக்குப் போனார். அவளுடைய அண்ணன் நல்லையா கிளாஸை நிறைத்து நீட்டினார். சாமி ராத்திரியில் காலிக் கிளாஸோடு ஒருவனை உட்காரவிடுவது அங்கே மரியாதை இல்லை. ஊற்றியதை வேண்டாம் என்பதும் மரியாதை இல்லை.

இராசையா தண்ணீர் கலந்து, நாக்கு நனையும் அளவுக்குக் குடித்தார்.

"என்னா மச்சான், பச்சப்புள்ளைக்குச் சங்குல பால் ஊத்துற மாதிரி குடிக்கிறே?"

"மெதுவா குடிச்சா ருசி தெரியுது மச்சான்."

"சாராயத்துல ருசி பாத்த மொத ஆளு நீதான்யா!"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

"சாமி ராத்திரி. வேணாங்கக் கூடாது," என்று நல்லையா போத்தலைத் தூக்கினார்.

"யாரு வேணான்னா? காலியானதும் ஊத்து."

கிளாஸ் காலியாகவே இல்லை.

மன்மதன் தவத்தைக் கலைக்கப் புறப்பட்ட கட்டத்தில் நல்லையா சரிந்தார். பக்கத்தில் தண்ணீர் ஓடும் ஆழமான கான். இராசையா அவரை மேட்டுக்கு இழுத்து, வாந்தி வந்தால் மூச்சடைக்காதபடி ஒருக்களித்துப் படுக்கவைத்து, சாக்கைப் போர்த்தினார். அவருடைய மூச்சும் கேட்க வேண்டும், கூத்தும் தெரிய வேண்டும் என்று அங்கேயே நின்றுகொண்டார்.

தப்பு மேளம் நின்றது. ரதி பாட ஆரம்பித்தாள். போகாதே என்று புருஷனை மறித்த அந்தக் குரல், காலையில் சோற்றில் உப்பில்லை என்று முணுமுணுத்த பையனுடையதா? இராசையாவுக்கு உடம்பு சிலிர்த்தது. பள்ளத்திலிருந்து ஏறிவந்த பனிமூட்டம் நிலா வெளிச்சத்தில் வெள்ளையாகப் பொட்டலைச் சூழ்ந்தது.

சிவனின் நெற்றிக்கண் நெருப்பு கயிற்றில் ஓடிவந்து, காமனாக நட்டிருந்த வைக்கோல் கம்பத்தைப் பற்றியது. மலைச்சரிவு முழுவதும் சிவந்தது. தேயிலைச் செடிகள் இலை இலையாகத் தெரிந்தன. நூற்றுக்கணக்கான முகங்கள், எல்லாம் அவருக்குத் தெரிந்த முகங்கள், யாரோ போல நின்று அழுதுகொண்டிருந்தன. வருஷாவருஷம் இது தன் தலைமாட்டிலேயே நடந்திருக்கிறது! அவர் கைகூப்பினார். கிளாஸை எங்கே வைத்தார் என்றுகூடத் தெரியவில்லை.

விடியும்போது சேலையை வரிந்துகட்டிக்கொண்டு சன்னாசி வந்தான்.

"பாத்தீங்களாப்பா?"

"பாத்தேன்."

இருவரும் ஆளுக்கொரு பக்கமாக நல்லையாவைத் தாங்கிக் கொண்டுபோய் லயத்து வீட்டில் படுக்கவைத்தார்கள்.