டாக்டரம்மா மவுஸைத் தொடாத வெள்ளிக்கிழமை

டாக்டரம்மாவுக்கு ஊசி போடத் தெரியாது. குடைத் தொழிற்சாலையில் யாருடைய கம்ப்யூட்டரில் கணக்குப் போடும் ஷீட் மக்கர் பண்ணினாலும் அடித்துப் பிடித்து ஓடி வருகிறவள் அவள்தான் என்பதால் ஒட்டிக்கொண்ட பட்டம் அது. வருவாள், நாற்காலியில் இருப்பவரை எழுப்பிவிடுவாள், மவுஸைப் பிடுங்கி நாலு தட்டு தட்டுவாள். "ஆச்சு" என்பாள். என்ன ஆச்சு என்று ஒருவருக்கும் தெரியாது. கூட்டல் வந்துவிடும், அது போதும். மறுநாள் அதே தப்பு அதே இடத்தில் வந்து நிற்கும், அவளும் ஓடி வருவாள். ஒரு நிமிஷம் உட்கார விடுகிறார்களா என்று வெளியில் அலுத்துக்கொள்வாள். உள்ளுக்குள் அதில் அவளுக்குக் கொள்ளை சந்தோஷம்.

அந்தச் சந்தோஷம்தான் இப்போது காலை வாரிவிட்டது. அவள் கணவனும் மகளும் இருப்பது தலைமை அலுவலகம் உள்ள ஊரில், ராத்திரி முழுக்க ரயிலில் போகிற தூரத்தில். இவள் இங்கே ஒற்றை அறையில் தனியாகக் கிடக்கிறாள். தலைமை அலுவலகத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு ஷீட் பழக்க ஓர் ஆள் வேண்டும் என்று தகவல் வந்ததும் மேனேஜர் முன்னால் போய் நின்றாள். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"உங்களை அனுப்பிட்டு நாங்க என்னம்மா பண்றது? ஸ்டோர் அண்ணன் எதுக்கெடுத்தாலும் உங்களைத்தான் கூப்பிடறார்."

"கத்துக்குவார் சார்."

"அப்ப ஒண்ணு பண்ணுவோம். வெள்ளிக்கிழமை ஸ்டாக் ஷீட்டை அவரே போடட்டும். நீங்க மவுஸைத் தொடக்கூடாது. மத்தியானத்துக்குள்ள சரியா வந்துட்டா உங்க மாற்றல்ல கையெழுத்துப் போடறேன், அடுத்த வாரமே கிளம்பலாம். வரலைன்னா வேற ஆளைப் பாத்துக்கச் சொல்லிடுவேன். தப்பா எடுத்துக்காதீங்க."

ஸ்டோர் அண்ணன் தங்கமான மனுஷன். எந்த அலமாரியில் எந்தக் கைப்பிடி இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு எடுத்துத் தருவார். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் மட்டும் மாமியார் வீட்டுக்கு முதல் தடவை வந்த மாப்பிள்ளை மாதிரி விறைத்துக்கொள்வார்.

வெள்ளிக்கிழமை காலை அவர் ஒற்றை விரலால் தட்டத் தட்ட, டாக்டரம்மா பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். இருந்தது, வந்தது, கொடுத்தது என்று மூன்று கட்டம். நாலாவதில் மீதி தானாக வர வேண்டும். மரக் கைப்பிடிக்கு வந்தது. பிளாஸ்டிக் கைப்பிடிக்கு வந்தது. வளைந்த கைப்பிடிக்கு எண்ணுக்குப் பதிலாக 'வேல்யூ' என்று கொட்டை எழுத்தில் ஒரு கூப்பாடு. கீழே மொத்தத்திலும் அதே கூப்பாடு.

"போச்சு" என்று எழுந்தே விட்டார். "வாங்கம்மா, வந்து உக்காருங்க."

அவள் வலது கை அதற்குள் பாதி தூரம் போயிருந்தது. பிடித்து இழுத்துக் கக்கத்தில் செருகிக்கொண்டாள்.

"நீங்களே உக்காருங்கண்ணே."

"மேனேஜர் சொன்னது எனக்கும் தெரியும். அவர் மாடியிலதான இருக்கார்? ஒரு தட்டு தட்டிட்டுப் போங்க. யாருக்குத் தெரியப்போகுது? நீங்க பிள்ளைகிட்ட போய்ச் சேர வேண்டாமா?"

யாருக்கும் தெரியப்போவதில்லைதான். ஒரே ஒரு தட்டு. அடுத்த வாரம் இந்நேரம் மகளோடு இருக்கலாம். டாக்டரம்மாவுக்கு ஆசை இல்லாமல் இல்லை. நாக்கு வறண்டு போகிற அளவுக்கு ஆசை இருந்தது.

"நான் போயிட்டப்புறம் திங்கக்கிழமை யாரைக் கூப்பிடுவீங்க?" என்றாள்.

ஸ்டோர் அண்ணன் மறுபடி உட்கார்ந்தார்.

"மொத்தத்தை விடுங்க. அது மேல இருக்கறவங்க அழறதைப் பாத்து அழுவுது. முதல்ல அழுதது யாரு?"

"வளைஞ்ச கைப்பிடி."

"அதோட மீதிக் கட்டத்தை மவுஸால ரெண்டு தட்டு தட்டுங்க."

"கலர் கலரா மூணு கட்டம் தெரியுது."

"இதுக்குச் சோறு போடறது அந்த மூணு பேருதான். ஒவ்வொருத்தரா கூப்பிட்டு விசாரிங்க."

"இருந்தது ஐந்நூறு. வந்தது நூறு. கொடுத்தது ஒண்ணும் இல்ல, காலி."

"காலின்னு எப்படிச் சொல்றீங்க?"

"ஏம்மா, கண்ணு இருக்கில்ல எனக்கு?"

"உள்ள போய்ப் பாருங்கண்ணே."

அவளுக்குப் பார்த்த உடனேயே தெரிந்துவிட்டது. ஸ்டோரில் லேபிள் அடிக்கும் பழைய மெஷின் ஒன்று உண்டு. தப்பாக அடித்துவிட்டால் அதில் அடியில் இருக்கும் நீளப் பட்டையைத்தான் தட்ட வேண்டும், எழுத்து போய்விடும். அந்த மெஷினோடு காலம் தள்ளியவர் ஷீட்டிலும் அதே மாதிரி கீபோர்டின் அடியில் இருக்கும் நீளப் பட்டையை, அதாவது ஸ்பேஸ் பாரைத் தட்டுகிறார். எண் மறைகிறது, அந்த இடத்தில் ஒரு வெற்றிடம் எழுத்தாக உட்கார்ந்துகொள்கிறது. கம்ப்யூட்டர் எழுத்தை எண்ணிலிருந்து கழிக்கத் தெரியாமல் கத்துகிறது. எத்தனை தடவை அவளே அதை எடுத்துப் போட்டிருக்கிறாள். ஒரு தடவையாவது வாயைத் திறந்து சொன்னாளா? இல்லை. வெட்கமாக இருந்தது.

பதில் நாக்கு நுனியில் துறுதுறுத்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஸ்டோர் அண்ணன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மூக்கு திரையில் இடிக்கிற அளவுக்குக் குனிந்தார்.

"மின்னுற குச்சி ஓரத்தை ஒட்டி நிக்கலையேம்மா. கொஞ்சம் தள்ளி நிக்குது."

"வேற காலிக் கட்டத்துல?"

போய்ப் பார்த்தார். "அங்க ஒட்டித்தான் நிக்குது." திரும்பி வந்தார். "அப்ப இதுக்குள்ள எவனோ இருக்கான். கண்ணுக்குத் தெரியாம உக்காந்திருக்கான்." சட்டென்று தலையில் கையை வைத்துக்கொண்டார். "ஐயோ, நான்தான்! வேற வரிசையில போட வேண்டிய ஐம்பதை இங்க போட்டுட்டேன். நீளப் பட்டையைத் தட்டி அழிச்சேன்."

"அழிச்சீங்களா?"

"இல்லம்மா. மூடி வெச்சிருக்கேன்."

டெலிட்டைத் தேடிப் பிடித்து அழுத்தினார். அறுநூறு என்று வந்து நின்றது. மொத்தமும் அழுகையை நிறுத்திக்கொண்டது. ஸ்டோர் அண்ணன் மேஜையை ஓங்கித் தட்டிவிட்டு, மேனேஜரை அழைக்கத் தானே மாடிக்கு ஓடினார். மேனேஜர் வந்தார், மேலும் கீழும் பார்த்தார், கொடுத்த வாக்குப்படி கையெழுத்துப் போட்டார்.

மத்தியானம் டாக்டரம்மாவின் மேஜையில் போன் அடிக்கவில்லை. நன்றாக இருக்கிறதா என்று எடுத்து ஒருமுறை காதில் வைத்துப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. பொறுக்க முடியாமல் கீழே ஸ்டோருக்கு இறங்கிப் போனாள்.

"மறுபடியும் வந்துச்சும்மா, இன்னொரு கட்டத்துல" என்றார் ஸ்டோர் அண்ணன் முகமெல்லாம் பல்லாக. "எடுத்துட்டேன்."

"ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாமே."

"எதுக்கு? நீங்க பெட்டி கட்டற வேலையைப் பாருங்க."

பாசமாகத்தான் சொன்னார். அவளுக்குச் சுருக்கென்றது. ஊருக்குப் போகிற சந்தோஷத்தில் இது எங்கிருந்து வந்தது என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது.

சாயங்காலம் அறைக்கு வந்ததும் மகளுக்குப் போன் போட்டாள்.

"அடுத்த வாரம் அம்மா வந்துடறேன்டி. ஒரேயடியா வந்துடறேன். இனிமே தினமும் நான்தான் உனக்குத் தலை பின்னிவிடுவேன்."

"நானே பின்னிப்பேன்மா."

"எப்பலேர்ந்து?"

"ரொம்ப நாளாச்சே. அப்பா பின்னினா கோணலா வருது. அதான் கண்ணாடியைப் பாத்து நானே கத்துக்கிட்டேன்."

டாக்டரம்மா கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். இதைக்கூடப் போனில் கேட்டுத்தான் அவளுக்குத் தெரிய வேண்டியிருக்கிறது.

"அம்மா? இருக்கியா?"

"இருக்கேன்டி. நேரா வருதா?"

"முன்னாடி வருது. பின்னாடி எங்கேயோ பிரிஞ்சுக்குது. எனக்குத் தெரிய மாட்டேங்குது."

'நான் வந்து சரி பண்ணிவிடறேன்' என்று வாய்வரை வந்ததை டாக்டரம்மா விழுங்கினாள்.

"நான் பின்னாடி உக்காந்து எங்கே பிரியுதுன்னு பாத்துச் சொல்றேன். நீயே பின்னிக்கோ."

"தினமுமா?" என்றாள் மகள்.

"தினமும்."